நார்மல் என்று நான் சொன்ன ரிப்போர்ட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம் என்று நான் எழுதினால் இந்தத் தடவை அப்படியே நம்பிவிடாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிக் குழாய் ஒழுகுவதை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று, துணி காயவில்லை என்ற புலம்பல் மட்டும் பாக்கி. இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியது. அப்படிச் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் இந்தக் காகிதம்.

உன் மாமாவுக்கு வயிற்று எரிச்சல் என்று போன வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி செய்தது உனக்குத் தெரியும். டாக்டருக்குப் பக்கத்தில் உதவிக்கு நின்றவன் நான்தான். திரையில் புண் இல்லை, கட்டி இல்லை, அங்கங்கே லேசான சிவப்பு, அவ்வளவுதான். அப்படியும் டாக்டர் ஐந்து இடத்தில் கிள்ளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். நான் வெளியே வந்து, மயக்கம்கூடச் சரியாகத் தெளியாத மனுஷனிடம், "கண்ணாடி மாதிரி இருக்கு மச்சான், நானே பார்த்தேன், கவலைய விடு" என்றேன். இருபத்திரண்டு வருஷம் அந்த அறையில் நிற்கிறவன் சொன்னால், பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நம்பமாட்டானா? ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. நானே வாங்கி, பிரிக்காமல் என் லாக்கரில் போட்டேன். கண்ணால் பார்த்ததற்குமேல் ஒரு காகிதம் என்ன சொல்லிவிடப்போகிறது என்ற திமிர்தான், வேறு காரணம் தேடாதே. நீ ஒருதரம் கேட்டாய், வரும் என்றேன். மறுபடி கேட்டபோது, இன்னும் பிரிக்கவே இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "வந்துடுச்சும்மா, நார்மல்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஏழு மாசம் கழித்து லேப் டாக்டரம்மா வராந்தாவில் என்னை நிறுத்தி, "உங்க மச்சான் மறுபடி காட்ட வந்தாரா?" என்று கேட்டார். அன்றுதான் உறையைப் பிரித்தேன். இரைப்பையின் உள்தோல் குடல்தோல் மாதிரி மாறியிருக்கிறதாம், ஒரு துண்டில் செல்கள் உருமாறவும் ஆரம்பித்துவிட்டனவாம். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய படி. எங்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. "ஸ்கோப் இல்லாம எங்க கிள்ளணும்னு தெரியாது, கிள்ளாம அது என்னன்னு தெரியாது. ஒண்ணு போதும்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்குப் போனேன். மாமா யாருக்கோ சாவிக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தான். அதை முடித்துக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் நான் சொன்னதைக் கேட்டான். "அக்காவுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "முதல்ல அவகிட்ட சொல்லுங்க அத்தான்" என்றான். சொன்னேன். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள், என்னைக் கூப்பிடவில்லை. ரெண்டாவது எண்டோஸ்கோபி அன்று நான் உடை மாற்றிக்கொண்டு நின்றேன். "இந்தத் தடவை நீங்க உள்ள வர வேணாம் அத்தான்" என்றான், குரலில் கோபமே இல்லை. இத்தனை வருஷத்தில் வெளியே சொந்தக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

உள்ளே வேறு வகை வெளிச்சம் போட்டுத் தேடியதில் நகக்கண் அளவு ஒரு திட்டு அகப்பட்டது, ஸ்கோப் வழியாகவே எடுத்துவிட்டார்கள். அதன் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. புற்றுநோயாக மாறவில்லை, ஓரங்கள் சுத்தம். இதற்கெல்லாம் காரணமான வயிற்றுக் கிருமிக்கு ரெண்டு வாரம் மாத்திரை, இனி வருஷாவருஷம் பார்த்து, கிள்ளியும் சோதிக்க வேண்டும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதைச் சொல்ல யோக்கியதை இல்லை. மாமா பேசுகிறான், பழையபடி கிண்டலும் செய்கிறான். ஆனால் முன்பெல்லாம் தலைவலி என்றாலும் என்னைக் கேட்பவன், இப்போது உடம்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மகளிடம் சொன்ன பொய்யை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். எழுதிவிட்டேன். நீயும் நெஞ்செரிச்சலுக்கு மிட்டாய் மாதிரி மாத்திரை விழுங்குகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். டாக்டரிடம் போ, ரிப்போர்ட்டை நீயே படி, என்னிடம் கேட்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். மாமாவுக்குப் போன் செய்ய மறக்காதே. கோபம் ஆறினதும் என்னிடம் பேசு, ஆறாவிட்டாலும் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா