மிச்சம் பிடித்த ஒன்பது நிமிடம்

பதிவு 1: 12 மார்ச் 2094, 10:04
சரியாகப் பத்து மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்பியாயிற்று. சிங்கப்பூர் 2,910 கிலோமீட்டர். அட்டவணைப்படி நான்கு மணி நேரம். இந்தத் தூரத்துக்கு நான்கு மணி நேரம் என்பது சோம்பேறித்தனம். எரிபொருள் கலவையை நானே மாற்றியிருக்கிறேன். ஒன்பது நிமிடம் மிச்சம். சரக்கு விமானம். ஆள் இருவர்: ஓட்டுவது கேப்டன் ரெஜினா, இன்ஜினியர் நான், ஷிபின். பத்து நிமிடம் முன்னால் அவர் தம்பி பெனட் இன்னொரு விமானத்தில் தனியாகப் போகிறான். அவனுக்கும் அதே கலவையைப் போட்டுக் கொடுத்தேன். கேப்டனிடம் சொல்லவில்லை. சொன்னால் பாடம் எடுப்பார்.

பதிவு 2: 11:31
கேப்டன் கழிவறையில். ரேடியோவில் பெனட்: “லேய் ஷிபினே, வண்டி பறக்குலே! நீ வருமுன்ன நான் சிங்கப்பூர்ல சாயா குடிச்சு, கிளாஸும் கழுவி வச்சிருப்பேன்.”
பாதி வழியில் காவல் மிதவைகள் இருக்கின்றன. போர் முடிந்தும் யாராலும் அணைக்க முடியாத, கடலில் மிதக்கும் ஏவுகணைத் தளங்கள். புறப்பட்ட நேரத்தையும் தூரத்தையும் கணக்கிட்டு, குறித்த நிமிடத்தில் வராத விமானத்தைச் சுட்டுவிடும். ஐந்து நிமிடம் முன்பின் பரவாயில்லை. நாங்கள் நாலரை நிமிடம்தான் முந்துவோம். போதும்.

பதிவு 3: 11:47
பெனட்: “அக்கா, மிதவெ என்னெ லாக் பண்ணிட்டு! ஷிபின்கிட்ட கேளு, அஞ்சு நிமிசம்னுதானே சொன்னான்...”
தொடுவானத்தில் ஒரு வெளிச்சம். பிறகு புகை.
சுற்றறிக்கையைத் திறந்து பார்த்தேன். போன மாதமே மிதவைகள் ஐந்தைத் தாமாகவே மூன்றாகக் குறைத்துக்கொண்டனவாம். கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்டது.

பதிவு 4: 11:50
இடது கையால் எழுதுகிறேன். கேப்டன் தீயணைப்பு உருளையால் முகத்தில் அடித்தார். இரண்டு பல் போயிற்று. சட்டையைப் பிடித்து விமானி அறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். வலது கை இடையில் இருந்தது. விரல்களை நான் பார்க்கவில்லை.
இன்டர்காமில் கெஞ்சினேன்: “அக்கா, வேகத்தக் குறைங்க. ரெண்டு நிமிசம் தாமதிச்சா போதும், தப்பிச்சிரலாம்.”
“நீ தப்பிக்கவாலே? எந் தம்பியக் கொன்னுட்டு?”
வேகம் கூடுகிறது.

பதிவு 5: 12:03
சரக்கறைத் தரைக்கடியில் எரிபொருள் வால்வு. இடது இன்ஜினை அடைத்தேன். விமானம் சரிந்தது. கோடாரியோடு வந்தார். என் தோளில் ஒரு வெட்டு. ஸ்பேனரால் அவர் தலையில் இரண்டு முறை அடித்தேன். இரண்டாவது அடி தேவைப்படவில்லை. அடித்தேன்.
மூன்று நிமிட எல்லை 11:57. அது தாண்டிச் சில விநாடிகளில் மிதவைகளைக் கடந்தோம். மிதவைகள் சுடவில்லை. வால்வைத் திறந்தேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பதிவு 6: 12:20
கேப்டனுக்கு மூச்சு இருக்கிறது. சரக்குப் பட்டையால் கை கால்களைக் கட்டினேன். தானியங்கி விமானி நேராகப் பறக்கும், தரையிறங்கத் தெரியாது. எனக்கும் தெரியாது.
கண் விழித்தார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒன்றரை மணி என்றேன். சரி என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பதிவு 7: 13:52
பட்டையை அறுத்துவிட்டேன். வேறு வழியில்லை. எழுந்து போய் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு விமானத்தை அலுங்காமல் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை.
ஓடுதளம் தெரிகிறது.
சக்கரங்களை இறக்கச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிவிட்டேன்.
இன்னும் இறக்கவி