அறுபத்தாறு மில்லிமீட்டர் கறுப்பு

பிப்ரவரி 3

காலையில் ஒரு பெண் மலிவான கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து திருகாணி போடச் சொன்னாள். போட்டுக்கொடுத்துவிட்டு வாய் கிழியப் பேசினேன். கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது, இருட்டுக்குக் கண்மணி விரியும், விரிந்த வழியாகக் கெட்ட கதிர் எல்லாம் உள்ளே போகும் என்றேன். விட்டால் போதும் என்று ஓடினாள். பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வசனம் வரும்.

வீட்டுக்கு வந்தால் மேசை மேல் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ். அண்ணன் பழைய சாமான் கடையில் பிடித்திருக்கிறான். பஸ் ஓட்டுகிற நேரம் போக மீதியெல்லாம் அவனுக்கு கேமராதான். இருபத்தேழாம் தேதி காலை சூரிய கிரகணம், அதை எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அண்ணி, "இதுக்கும் நான்தான் தூசி தட்டணுமா?" என்று மட்டும் கேட்டார்.

லென்ஸுக்கு முன்னால் சூரிய ஒளியைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி, அதாவது சூரிய ஃபில்டர், மாட்டாமல் கண் வைக்கக் கூடாது என்று சொன்னது நான்தான். அதை எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 5

கடைக் காலிபரைக் கொண்டுவந்து லென்ஸின் வாயை அளந்தேன். அறுபத்தாறு மில்லிமீட்டர். இப்படி ஓர் அளவில் யார் செய்தார்களோ! கேமரா கடையில் ஃபில்டர் அறுபத்தேழில் இருக்கிறது, அறுபத்திரண்டில் இருக்கிறது. அறுபத்தேழை வைத்தால் ஆடுகிறது. அண்ணன் நூல் சுற்றித் திணிக்கலாம் என்றான். நடுவில் கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று சத்தம் போட்டேன்.

பிப்ரவரி 9

சூரிய ஃபில்டர் தாள் கூட எங்கும் இல்லை, தீர்ந்துவிட்டதாம். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே "அறுபத்தாறு" என்கிறான். மருமகள் தேடும் மாமியார் கூட இவ்வளவு அலைய மாட்டாள்.

பிப்ரவரி 14

கிடைத்துவிட்டது!

ஒரு பழைய ஸ்டுடியோவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஸ்டுடியோக்காரரின் மகள் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் நாற்காலியில் இருந்தார். ஃபில்டர் பெட்டியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கடைசியாக ஒரு கறுப்பு. விளிம்பில் எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. அளந்தேன், அறுபத்தாறு!

"அது நல்ல கண்ணாடிம்மா. கண்ணைக் காப்பாத்தும்" என்றார் பெரியவர். சூரியனை எடுக்கவா என்று கேட்டேன். "அதுக்குத்தான் நானும் போட்டேன்."

பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார். எங்கள் கடைக்கு வருகிற வயதானவர்கள் சிலர் இப்படித்தான். நடுப்பார்வை போனால் ஓரத்தால் பார்ப்பார்கள். வயசு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 15

வெண்ணெய் மாதிரி திருகி உட்கார்ந்தது. ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் பல்புக்குப் பிடித்தால் எங்கோ ஆழத்தில் ஒரு சிவப்பு. இதைவிடக் கறுப்பு வேண்டுமா? அண்ணன் என் தலையில் கை வைத்து, "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றான். அவன் அப்படியெல்லாம் பேசுகிறவனே அல்ல.

பிப்ரவரி 16

ஒரு சின்ன விஷயம். மாடியில் லென்ஸை வெயிலுக்கு நேராக வைத்திருந்தோம், ஃபில்டரோடு. பின்பக்கம் தூசி துடைக்கப் போனேன். உள்ளங்கை சுரீரென்றது. இழுத்துக்கொண்டேன். வெளிச்சம் இல்லாத இடத்தில் சூடு எங்கிருந்து வந்தது?

இரும்பு உடம்பு, வெயிலில் கிடந்தது, சுடாதா என்றான் அண்ணன். சரிதான் என்றேன். ஆனால் கை இரும்பில் படவே இல்லை, லென்ஸ் ஓட்டைக்கு நேராக இருந்த இடம்தான் சுட்டது. விடு, எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு.

பிப்ரவரி 27

கிரகணம் நன்றாகவே தெரிந்தது. மாடியில் ஸ்டாண்டு போட்டு இரண்டரை மணி நேரம் கேமராவில் கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றான். வலது கண் களைத்தால் இடது கண். "இதமா இருக்கு. மங்கலா, செவப்பா, கடிச்ச பழம் மாதிரி. நீயும் வந்து பாரேன்." கடை திறக்க நேரமாகிவிட்டது என்று கீழே இறங்கிவிட்டேன்.

பிலிமில் முப்பத்தாறு படமும் எடுத்துவிட்டானாம். கண் வலிக்கிறதா என்று கேட்டேன். துளியும் இல்லை என்றான்.

பிப்ரவரி 28

காலையில் காபியில் ஏதோ மிதக்கிறது என்று கொட்டிவிட்டான். ஒன்றும் மிதக்கவில்லை.

மார்ச் 2

அண்ணி சமையலறையில் என்னைப் பிடித்து மெல்லச் சொன்னார்: "ரெண்டு நாளா பேப்பரை விரிச்சு வெச்சுட்டுப் பக்கமே திருப்பல." தூக்கம் போதவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். தினமும் வண்டிக்குப் போகிறான். ஐம்பது பேர் ஏறுகிற வண்டி.

மார்ச் 4

ராத்திரிச் சாப்பாட்டில் உப்பை எடு என்றேன். எடுத்து நீட்டினான், சிரித்தான். என் காதைப் பார்த்து.

மார்ச் 5

டிப்போவில் அவனுக்குப் பத்தாம் தேதி கண் சோதனை. வருஷா வருஷம் அதற்கு முன்னால் என் கடைக்கு ஒரு தடவை வருவான். அந்த எழுத்து அட்டை அவனுக்கு மனப்பாடம், கிளிப்பிள்ளை என்று கேலி செய்வேன். இன்று அவன் வருவதற்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டேன். படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டையை மாட்டினேன். அதில் எழுத்தே கிடையாது. மூன்று பல் சீப்பு மாதிரிக் குறிகள், மேலே கீழே இடது வலது என்று திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

உட்கார வைத்து, "கடைசி வரியை வாசி" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்து, தடங்கல் இல்லாமல் சொன்னான்: "ட, ப, ர, ம, ய."

ஒரு எழுத்து கூடப் பிசகவில்லை. போன வருஷத்து அட்டை. "என்ன, பாஸா?" என்று கேட்டான்.

ஐயோ அண்ணா. எத்தனை நாளா இப்படி? ஏன் சொல்லல? அவன் கையைப் பிடித்தேன். "வண்டி ஓட்டறப்ப ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. எதிர்ல வர்றதுதான் தெரியல" என்றான். எதிர்ல வர்றதுதான் தெரியலையாம்! அங்கேயே டிப்போவுக்குப் போன் போட்டு, இனி வண்டி எடுக்க மாட்டான் என்று சொன்னேன். அவன் தடுக்கவில்லை.

மார்ச் 6

கண் மருத்துவர் ஃபில்டரைக் கேட்டார். சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரில் எடுக்கும் படங்களுக்கானது, வெளிச்சத்தை நிறுத்தும், சூட்டை நிறுத்தாது என்றார். இருட்டில் கண்மணி விரிந்திருக்கும், நோவு தெரிந்திருக்காது. இரண்டு கண்ணிலும் நடுவில் வெந்திருக்கிறது. கொஞ்சம் திரும்பலாம், முழுதாகத் திரும்பாது.

அந்த வசனத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்? பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். என் கை சுட்டதே, அப்போதாவது?

மார்ச் 8

ஸ்டுடியோவுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பெரியவர் உள்ளே தூங்குகிறார் என்றாள் மகள். அப்பாவுக்குப் பார்வை எப்போது போனது என்று கேட்டேன்.

"முந்தின கிரகணத்துல. படம் எடுக்கும்போது ஒரு தடவை வெறுங்கண்ணால பார்த்துட்டாராம். அந்தக் கறுப்புக் கண்ணாடி மட்டும் இல்லன்னா முழுசாவே போயிருக்கும்னு இன்னிக்கும் சொல்றாரு."

அவளிடம் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன்.

மார்ச் 9

அந்தக் கறுப்பு ஃபில்டரை அம்மிக் குழவியால் அடித்து உடைத்தேன். தூள் தூளாக. இனி யாருக்கும் பொருந்தாது.

மார்ச் 21

பிலிம் கழுவி வந்தது. சன்னலருகில் நீட்டிப் பார்த்தேன். முப்பத்தாறும் வெறுமை. அந்தக் கண்ணாடி உள்ளே விட்ட கதிர் எதுவும் சாதா பிலிமுக்குத் தெரியாதாம், கடைக்காரர் சொன்னார்.

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். காகிதச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். "வந்துடுச்சா? எப்படி இருக்கு? சொல்லு."

அண்ணி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் படத்தில் சூரியன் முழுசாக இருக்கிறது என்றேன். இரண்டாவதில் ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், எதையும் விடவில்லை. அவன் என் காதைப் பார்த்தபடியே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.