கழுவிக் கவிழ்த்த அண்டா

என் பொன்னு அம்மாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை உன் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் ஊருக்குப் புதுசு. நம் வீட்டு முன்னறையில் இருக்கிற என் தையல் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தெரசம்மாவைக் கூப்பிடுங்கள், அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நீ செத்து மூன்று வருஷமாகிறது என்று சொன்னதும் மனுஷனுக்குக் கை கால் ஓடவில்லை. நான் மகள்தான் என்று அடையாள அட்டையைக் காட்டி, கெஞ்சிக் கூத்தாடி, ஒருவழியாக வாங்கினேன்.

என்ன எழுதியிருந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்த விஷயத்தில் உன்மேல் எந்தத் தவறும் இல்லையாம். உன்னை வேலையை விட்டு நீக்கியதை ரத்து செய்கிறார்களாம். இந்தப் பதினோரு வருஷத்தில் உன்னைப் பற்றி எத்தனை காகிதம் வந்திருக்கும், ஒன்றிலாவது உன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினார்களா? இதில் சரியாக எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

நம் பங்குச் சாமியார், கல்லறைத் திருநாளுக்கு வரும் பங்கு மலரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். தாமதமானாலும் நீதி கிடைத்துவிட்டது என்று முடிக்கச் சொன்னார். நல்ல மனுஷன்தான். யாருக்குக் கிடைத்தது ஃபாதர் என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அதனால் உனக்கே எழுதுகிறேன். ஊரும் வாசித்துக்கொள்ளட்டும்.

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் இருக்கும். திற்பரப்புக்கு இந்தப் பக்கம், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீ சத்துணவுச் சமையல்காரி. அன்றைக்குச் சோறும் சாம்பாரும் முட்டையும். பிள்ளைகள் சாப்பிட்டுப் போய் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக வாந்தி எடுக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு பிள்ளைகள். ஜீப்பில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பதினொன்று பிழைத்தது. நம் பக்கத்து வீட்டு லதாக்காவின் ஒரே மகன் ஜெனிஷ், இரண்டாம் வகுப்பு, பிறந்ததிலிருந்தே சவலைப் பிள்ளை, மறுநாள் காலையில் போய்விட்டான்.

அதிகாரிகள் வந்து சாம்பாரைக் கேட்டார்கள். சாம்பார் ஏது? நீதான் பிள்ளைகள் கை கழுவுவதற்கு முன்னே அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவிக் கவிழ்த்துவிடுகிறவள் ஆயிற்றே. பதினாறு வருஷமும் அப்படித்தான் செய்தாய், அதற்காகவே தலைமையாசிரியர் உன்னைப் புகழ்ந்திருக்கிறார். அன்றைக்கு அதே வேலைக்குப் பெயர் சாட்சியை அழித்தல். நீயும் அதே சாம்பாரை ஊற்றித்தான் சாப்பிட்டாய், மற்றப் பிள்ளைகள் அறுபது எழுபது பேர் சாப்பிட்டு ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? பல்லி விழுந்தது என்றார்கள். பூச்சிமருந்து டப்பாவில் பருப்பு வைத்திருந்தாள் என்றார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார்கள்.

போலீஸ் வழக்கு, வேலைநீக்கம், கோர்ட்டு. ஐந்து வருஷம் அலைந்தாய். கடைசியில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை என்று தீர்ப்பு வந்தது. வக்கீல் சந்தோஷமாகக் கை குலுக்க வந்தார். நீ கையை நீட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னிடம் கேட்டாய். "சந்தேகத்துக்குப் பலன்னா, சந்தேகம் அப்பிடியே இருக்குன்னுதான மக்ளே?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ சொன்னதுதான் நடந்தது. ஜெயிலுக்கு நீ போகவில்லை, ஆனால் உன் கையால் யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை கோயில் முற்றத்தில் காய்ச்சுகிற கஞ்சிக்கு வருஷா வருஷம் நீதான் பயறு வேகவைப்பாய். வழக்கு வந்த பிறகு, உனக்கு மூட்டுவலி, நீ உட்கார்ந்து தேங்காய் துருவு என்றார்கள். அடுத்த வருஷம் அந்தத் துருவியையும் ஒருத்தி வந்து சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். உனக்கு அறுபது கூட ஆகவில்லை. மூட்டுவலியும் கிடையாது.

வழக்கு வந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு நீ முந்திரிக்கொத்து சுட்டு, லதாக்கா வீட்டுக்கும் ஒரு தட்டு கொண்டு போனாய். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. பிள்ளையை இழந்தவள், அவள் முகத்தைப் பார்க்காமல் நான் எப்படிக் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது என்றாய். அவள் வாங்கினாள். வாங்கி, நீ நம் முற்றத்துக்குத் திரும்பி வந்து சேர்வதற்குள் தென்னைமரத்து மூட்டில் கொட்டினாள். நீ பார்த்தாய். நீ பார்ப்பதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் நீ முந்திரிக்கொத்து சுடவில்லை.

இப்போது எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அன்றைக்கு வாந்தி எடுத்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி அபிஷா. அப்போது எட்டு வயசு. இப்போது நர்ஸிங் படிக்கிறாள். போன வருஷம் கடைசியில் வகுப்பில் விஷக் காய்களைப் பற்றிப் பாடம் நடந்திருக்கிறது. டீச்சர் காட்டாமணக்குக் கொட்டையின் படத்தைக் காட்டி, தின்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. இந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத் தின்றது நினைவுக்கு வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு வந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்து வேலியோரம் டீசல் செடி என்று நட்டார்களே, நினைவிருக்கிறதா? அதன் கொட்டையில் எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டலாம் என்று யாரோ வந்து சொல்லி வரிசையாக நட்டுவிட்டுப் போனார்களே, அதுதான் இந்தக் காட்டாமணக்கு. அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரப்பர் கொட்டையை வாயில் வைக்கக் கூடாது என்று நடக்கத் தொடங்கும்போதே சொல்லி வளர்ப்போம். ரப்பர் மரத்தடியிலேயே வளர்ந்த பிள்ளைகள், கொட்டையைத் தரையில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைத்து விளையாடுமே தவிர, ஒன்றுகூடத் தின்னாது. ஆனால் டீசல் செடியைப் பற்றி யார் சொன்னது? எங்களுக்கே தெரியாது. ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளையாக, நிலக்கடலை மாதிரி ருசியாக இருந்ததாம். இடைவேளையில் பன்னிரண்டு பேரும் பங்கு வைத்துத் தின்றிருக்கிறார்கள்.

ஏன் பிள்ளே அப்பவே சொல்லல்ல என்று கேட்டேன். அவள் அழவில்லை. "ஆஸ்பத்திரில எல்லாரும் மத்தியானம் என்ன சாப்பிட்டன்னுதான் அக்கா கேட்டாங்க. அதுக்கு முன்ன என்ன தின்னன்னு ஒருத்தரும் கேக்கல்ல. சாம்பாருதான் காரணம்னு பெரியவங்க சொன்னாங்க, நானும் அப்பிடித்தான் நம்பினேன்" என்றாள். அவளை அடிக்கவா, கட்டிப் பிடிக்கவா? எட்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? படித்த பெரியவர்கள் ஒருவருக்கும் இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே.

அபிஷா விடவில்லை. தன்னோடு தின்றவர்களில் நான்கு பேரைத் தேடிப் பிடித்து, எழுதி வாங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் வைத்து, அதிகாரியிடம் நேரில் கொண்டு கொடுத்தாள். அதற்குப் பதில்தான் இந்தத் தபால்.

இப்போது என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், எங்களுக்கு அப்பவே தெரியும், தெரசம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்று. அடப் பாவிகளா, அப்பவே தெரிந்தால் அப்பவே வந்து ஒரு டம்ளர் காப்பி குடித்திருக்கலாமே. வாயில் ஊசியை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் உன் படத்தை மாட்டலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். சிரிப்பதா அழுவதா, நீயே சொல்லு.

இது நீதியா அம்மா? எனக்கு விளங்கவில்லை. பசித்தவன் செத்த பிறகு இலை போடுகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றுகிறது. இல்லை, உன் பெயரிலாவது அழுக்குப் போயிற்றே, பேத்தி நாளைக்கு இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடப்பாளே என்று இன்னொரு நாள் தோன்றுகிறது. இரண்டும் உண்மைதான் போலிருக்கிறது. ஆனால் நீ இருந்து, அந்தக் கவரை உன் கையால் கிழித்து, கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்திருந்தால் அதற்குப் பெயர் வேறு. உனக்குக் கிடைக்காத ஒன்றை எனக்குத் தந்துவிட்டு உனக்குத் தந்ததாகச் சொல்கிறார்கள். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

லதாக்கா வந்தாள். தபால் வந்த மறுநாள், கடை அடைக்கிற நேரம். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நம் வீட்டுப் படி ஏறினாள். நான் வைத்திருந்த வசவு எல்லாம் வரிசையில் நின்றது, தென்னை மூட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். அவள் உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "உங்கம்மைய வெறுத்து வெறுத்துத்தான் நான் நாளக் கழிச்சேன் பிள்ளே. இனி நான் யார வெறுக்க?"

எனக்கு வசவு எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு செடியை வெறுக்க முடியுமா? அவளுக்கும் இந்தத் தபால் ஒன்றும் தரவில்லை, இருந்ததையும் பிடுங்கிக்கொண்டது. காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள்.

அவள் போன பிறகு உன் பேத்தி என்னிடம் வந்தாள். பத்து வயசு முடிந்துவிட்டது, எல்லாம் விளங்குகிறது. நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ஊருல எல்லாரும் பாட்டிய சந்தேகப்பட்டாங்க. நீ மட்டும் நம்பினல்லியாம்மா?" என்றாள்.

நம்பினேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா, உனக்குத் தெரியும். இவள் பிறந்தபோது, வழக்கு நடந்துகொண்டிருந்த காலம், நீ எனக்குப் பேறுகால மருந்து காய்ச்சிக் கொண்டு வந்தாய். எங்கெங்கோ போய்ப் பச்சிலை பறித்து, கருப்பட்டி போட்டு, காலையிலிருந்து அடுப்படியில் நின்று காய்ச்சினது. நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் மனசில் அது வந்துவிட்டது. ஒருவேளை அம்மா அன்றைக்கு ஏதாவது கவனிக்காமல் விட்டிருந்தால்? நீ அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியாக வாழை மூட்டில் ஊற்றிவிட்டேன். திரும்பி வந்து, கசந்ததா மக்ளே என்று கேட்டாய். குடித்துவிட்டேன் என்றேன். மறுநாள் நீ மருந்து காய்ச்சவில்லை. என் மாமியாரிடம் போய், எனக்குக் கை வலிக்கிறது, நீங்களே காய்ச்சிக் கொடுங்கள் என்று சொன்னாய். நீ பார்த்துவிட்டாய் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தாய். நீயும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

லதாக்காவுக்குப் பிள்ளை போச்சு. அவள் கொட்டினதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? ஊரை வாசிக்க வைத்து உனக்கு மன்னிப்பு வாங்கித் தருகிறேன் என்று கிளம்பினவள், நான் முதலில் எங்கே நிற்க வேண்டும்?

இந்தக் கடிதத்தைச் சாமியாரிடம் கொடுப்பதற்கு முன்னால், இன்று சாயங்காலம் உன் பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்தி, நான் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். நானும் நம்பவில்லை என்று என் வாயாலேயே அவளிடம் சொல்வேன். அவள் அழுதால் அழட்டும், என்னோடு பேசாமல் இருந்தால் இருக்கட்டும். உன்னைச் சந்தேகப்பட்டவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்தது என்று ஊர் வாசிப்பதற்கு முன்னால் உன் வம்சத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது சத்தியம்.

நீ பார்த்தும் காட்டிக்கொடுக்காத,
உன் ஒரே மகள்
ஸெலின்