அவர் புகைத்த வானம்

25 அக்டோபர் 1942, ஞாயிறு

இன்று சூரியன் போயிற்று. காலைக் கஞ்சி குடித்ததும் என் வீட்டுக்காரர் என் புத்தகத்தில் சூரியன் படம் இருந்த தாளைக் கிழித்து, புகையிலை வைத்துச் சுருட்டி, அடுப்புக் கங்கில் பற்றவைத்துக்கொண்டார்.

கடையில் சிகரெட் வந்து எத்தனையோ மாதம் ஆகிறது. ரப்பர் தோட்டத்தில் எல்லோரும் நீப்பாப் பனை ஓலையில் சுருட்டிக்கொள்கிறார்கள். இவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாயிற்றே, வெள்ளைத் தாள்தான் வேண்டும். ஓலை என்றால் இருமல் வருகிறதாம். தொண்டையில் இருப்பது கௌரவம் என்று எனக்குத் தெரியாதா?

போன டிசம்பரில் ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஓடியபோது, பங்களாவிலிருந்து ஆளுக்கொரு நாற்காலி, மெத்தை என்று தூக்கினார்கள். நான் இந்த நட்சத்திரப் புத்தகத்தைத் தூக்கினேன். ஐந்தாவது வரை படித்த இங்கிலீசுக்குப் பாதிதான் புரிகிறது. புரிந்த பாதியில் ஒரு சேதி என்னை ஆட்டி வைக்கிறது. நம் ஆகாயகங்கைக்கு வெளியே, அதே மாதிரி இன்னொரு ஆகாயகங்கை இருக்கிறதாம். அண்ட்ரோமெடா என்று பெயர். தூரதரிசனக் கண்ணாடிகூட வேண்டாம், நல்ல இருட்டு இருந்தால் போதும். மனுஷக் கண்ணுக்கு எட்டுகிற ஆகக் கடைசித் தூரம் அதுதானாம்.

பக்கத்து டவுனான சுங்கை பட்டாணியைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. இதையாவது பார்த்துவிட வேண்டும்.

26 அக்டோபர்

சண்டை. மனுஷர் கைக்கு வந்த இடத்தில் கிழிக்கிறார். கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று: முன்பக்கத்திலிருந்து வரிசையாக மட்டும் கிழிக்க வேண்டும். சந்திரனைப் பார்க்க யாருக்குப் புத்தகம் வேண்டும்? பதிலுக்கு நானும் எந்தத் தாளையும் எடுத்து ஒளிக்கக் கூடாது.

அண்ட்ரோமெடா படம் பின்னால் இருக்கிறது. அவர் புகைத்துக்கொண்டே அங்கே போய்ச் சேருவதற்குள் நான் பார்த்தாக வேண்டும். நவம்பரில் இரவு ஒன்பது மணி என்று புத்தகம் சொல்கிறது.

1 நவம்பர்

முதல் நாள். நாலு நட்சத்திரம் சதுரமாக உச்சியில் நிற்குமாம். படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்த நம் கட்டில் கால். உத்திரட்டாதி என் ஜன்ம நட்சத்திரம். எங்கே இருக்கிறது என்று இத்தனை வயதுவரை தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

வடக்கே பார்த்து நின்று, கட்டிலின் வடகிழக்குக் காலிலிருந்து வலப்பக்கம் இறங்கினால் பளிச்சென்று ஒரு நட்சத்திரம். அங்கே இடப்பக்கம் திரும்பி, இரண்டு சின்ன நட்சத்திரம் தாண்டினால் ஆள் இருக்கும்.

பாடாங்கு மைதானத்தில் பந்து விளையாடிய இடமெல்லாம் இப்போது மரவள்ளி. அதன் நடுவில் போய் ஒன்பது மணிக்கு நின்றேன். மேற்கே இன்னும் வெளிச்சம் முழுசாகப் போகவில்லை. உச்சியில் கட்டிலும் இல்லை, பாயும் இல்லை.

3 நவம்பர்

இன்று நாலைந்து கட்டில் கண்டுபிடித்தேன். எல்லாம் கோணல். ஒன்றுக்கு மூன்று கால்தான்.

5 நவம்பர்

மழை. அவர் சனிக் கிரகத்தை வளையத்தோடு முடித்தார்.

7 நவம்பர், தீபாவளி

தலைக்கு வைக்க எண்ணெய் இல்லை. மரவள்ளி மாவில் ஒரு பலகாரம் செய்தேன். தண்ணீர் குடித்துக் குடித்து இருவரும் விழுங்கினோம். பண்டிகையாயிற்றே என்று அவர் வால்நட்சத்திரம் அத்தனையையும் ஒரே நாளில் ஊதித் தள்ளினார்.

9 நவம்பர்

அடுத்த தாள் அதுதான்.

இன்றும் ஒன்பது மணிக்குப் போய் நின்று கழுத்து வலித்ததுதான் மிச்சம். உள்ளே வந்து அழுதேன். என்னத்துக்கு அழறே என்கிறார். என்னத்துக்கா? அரிசி இல்லேன்னு அழுதேனா, சேலை கிழிஞ்சதுக்கு அழுதேனா? ஒரே ஒண்ணு கேட்டேன், அதுவும் வானத்துல சும்மா கெடக்கறது!

படம் எனக்கு மனப்பாடம். ஆனால் மனசில் இருக்கிற படமும் வானமும் ஒத்துப்போகவில்லையே. தப்பு என் கண்ணிலா, படித்த இங்கிலீசிலா? தாளும் சாம்பலாகிவிட்டால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

10 நவம்பர்

காலையில் ரப்பர் பால்வெட்டுக்காரி பாப்பம்மா வந்தாள். மகளுக்கு நிச்சயம், வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் நல்ல நேரம், அவசியம் வரவேண்டும் என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"கிராணியம்மா, பழைய மணி ஆறு. ஜப்பான் மணிக்கு வந்துறாதீங்க. போன மாசம் எங்கண்ணன் வீட்டுக் கல்யாணத்துல பாதிச் சனம் ஜப்பான் மணிக்கு வந்து பந்தல்ல உக்காந்துட்டாங்க. பொண்ணு இன்னும் தூங்குது!"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் டோக்கியோ நேரம் என்று கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்தார்களே. பஞ்சாங்கத்துக்கு ஜப்பான் மணி தெரியாதென்றால் துரையின் புத்தகத்துக்கு மட்டும் தெரியுமா? நான் ஒன்பது என்று போய் நின்றது ஏழரைக்கு. கட்டில் இன்னும் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும்போது நான் உச்சியைத் துழாவியிருக்கிறேன். பந்தலில் முதலில் போய் உட்கார்ந்தவள் நான்தான்.

புத்தகத்தைத் திறக்கவே பயம். காலையிலேயே கிழித்திருப்பாரே! திறந்தால், தாள் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் அவர் இருமிக்கொண்டே வந்தார். காதில் ஓலைச் சுருட்டு. கேட்டதற்கு, தொண்டைக்கு ஓலைதான் நல்லதென்று யாரோ சொன்னார்களாம். எனக்கு அவரை அப்போது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்வார்.

பத்தரைக்குக் கிளம்பினேன். ரோந்து வரும் நேரம் என்று தடுத்தார். சரியான நேரப்படி ஒன்பதுதான் என்றேன்.

"அதை ரோந்துக்காரன்கிட்ட நீயே சொல்லு லா," என்றபடி பின்னாலேயே வந்தார்.

11 நவம்பர்

பார்த்துவிட்டேன்.

நேற்று அதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை. வெளியே வெளிச்சம் தெரியக் கூடாதென்ற உத்தரவால் தோட்டமே கும்மிருட்டு. ஜப்பான்காரன் எனக்குச் செய்த ஒரே உபகாரம். தலையைத் தூக்கினேன், உச்சியில் கட்டில், நாலு காலும் நேராக. வலப்பக்கம் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, ஒன்று, இரண்டு. அங்கே பஞ்சைப் பிய்த்து ஒட்டின மாதிரி. நேராக முறைத்தால் மறைகிறது. ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிகிறது. பெண் பார்க்க வந்த அன்று இவரை நான் பார்த்ததும் அப்படித்தான்.

முதலில், இவ்வளவுதானா என்றிருந்தது. பிறகு புத்தகம் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வெளிச்சம் கிளம்பி லட்சக்கணக்கான வருஷம் ஆயிற்றாம். அத்தனை தூரம் வந்து, இந்த மரவள்ளிக் காட்டில், என் கண்ணில் விழுகிறது. சந்தோஷம் தாங்கவில்லை.

அவருக்குக் கையைப் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் தேடினார்.

"இதுக்கா இத்தனை நாளா என் உசிர வாங்கின? நான் விட்ட பொகை மாதிரி இருக்கு."

சரி, உள்ளே போகலாம் என்றேன். இரு என்றார். கொசு பிடுங்குகிறது என்றேன். இரு என்கிறேனில்லையா என்றார்.

14 நவம்பர்

விடாத மழை. விளக்கை அணைத்த பிறகு அவர் மூன்று தடவை எழுந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். என்ன என்று கேட்டால், கோழிக்கூட்டைச் சாத்தினோமா என்று பார்த்தாராம்.

எங்கள் கோழிகளை ஜூன் மாதமே ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.