கண்ணில் விழாத தூசி

சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்குகிறேன். அத்தானுக்குச் சர்க்கரை குறைந்ததா? இங்கே இவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவார். வீட்டில் நானும் என் மகளும்தான். உன் செல்லம் நேற்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாளைக்கு எங்கள் சபையில் வாலிபர் ஞாயிறு. நான் நடத்தும் வகுப்பிலிருந்து ஒன்பது பிள்ளைகள் முன்னால் வந்து, கர்த்தர் தங்கள் வாழ்க்கையில் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். எல்லாம் பதினைந்து, பதினாறு வயது. வீட்டில் வாய் கிழியப் பேசுவார்கள், மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதுகளுக்குத் தைரியம் வரட்டும் என்று வருஷா வருஷம் நானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பேன். என் எழுத்துதான் உனக்குத் தெரியுமே, மூன்றாவது பத்தி வருவதற்குள் பின்வரிசை அம்மாக்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷம் என் மகளும் அந்த ஒன்பதில் ஒருத்தி. நான் எழுதியதை நேற்று சாயங்காலம் மேசைமேல் வைத்துவிட்டு, "இது நீங்க எழுதினதும்மா, இதுல நான் எங்கயுமே இல்ல" என்றாள். தன் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தை நீட்டினாள். அதில் இருந்தது இதுதான். பள்ளியில் சாப்பிடுமுன் இவள் கண்ணை மூடியிருக்கிறாள். பக்கத்துப் பெண் "என்னடி, ஜெபமா?" என்று சிரித்திருக்கிறாள். இவள் "சேச்சே, கண்ணுல தூசி" என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து தினமும் தூசிதான். இதைச் சபை முழுக்கக் கேட்க வாசிக்கப் போகிறாளாம்.

நான் கத்தினேன். வகுப்பு நடத்துகிறவள் மகளே இப்படியா என்று நாலு பேர் சிரிக்க மாட்டார்களா, என் மானத்தை வாங்கத்தான் சாட்சியா என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. போன லீவில் என்னோடு நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது அக்கா. அந்தப் பல் கிளினிக்கின் வரவேற்பில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மதியம் டாக்டர், நர்ஸ், நான் எல்லோருக்கும் ஒரே மேசை. டிபன் பாக்ஸைத் திறந்து, கண்ணைக் கசக்குவதுபோல விரலை வைத்துக்கொண்டு ஜெபித்துவிடுவேன். இதுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

ஒன்பது பேருடையதையும் ஆறு மணிக்குள் தன்னிடம் காட்ட வேண்டும் என்று பாஸ்டர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். தான் எழுதிய பக்கம் இல்லையென்றால் தன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறாள் இவள், இனிமேல் எதற்கும் முன்னால் கூப்பிடக் கூடாதாம். அவள் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. இப்போது மணி ஐந்து இருபது. அவள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. என் முன்னால் இரண்டு தாள் கிடக்கிறது.

ஞாயிறு சாயங்காலம்

அவளுடையதைத்தான் கொடுத்தேன். பாஸ்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

அவள் ஆறாவதாக வந்தாள். தாளைப் பிரித்த சத்தம் மைக்கிலேயே கேட்டது. தூசி என்ற இடத்தில் பின்னால் சில பையன்கள் சிரித்தார்கள். நிறுத்திவிட்டாள். ஓடிப்போய்க் கூட்டி வந்துவிடலாமா என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் அவள் கடைசி வரியைப் படித்தாள். "அடுத்த தடவ கேட்டா ஆமா, ஜெபம்தான்னு சொல்லணும். சொல்வேனான்னு தெரியல. பயமா இருக்கு." அவ்வளவுதான். யாரும் கைக்குட்டையை எடுக்கவில்லை. ஒரு ஆமென் கூட இல்லை.

அடுத்து தையல்காரர் மகன். நான் எழுதிக் கொடுத்த தாளை மைக் முன்னால் பிடித்தான். அப்புறம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். மீதி இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை.

வெளியே அம்மாக்கள் யாரும் என்னிடம் பேசவில்லை. வியாழக்கிழமை சபைக் கமிட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறது, வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை அக்கா, அழுகைதான் வருகிறது. ஆனால் தைரியம் வரட்டும் என்று நான் எழுதிக் கொடுத்த தாளில் ஒன்றில்கூட, பயமாக இருக்கிறது என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு இடமே வைக்கவில்லையே.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு நாளைக்கு எனக்கு எத்தனை மணிக்குச் சாப்பாட்டு நேரம் என்று கேட்டாள். ஒரு மணி என்றேன். அவளுக்குப் பன்னிரண்டரைக்கே. கண்ணைக் கசக்காமல் ஜெபித்தேனா என்று சாயங்காலம் வந்து என்னைக் கேட்பாள்.

ஜெபித்துக்கொள் என்று உனக்கு எழுதாத கடிதம் இல்லை. அதெல்லாம் கை பழக்கத்தில் எழுதியது. இது உன் கைக்கு வருவதற்குள் நாளை மதியம் போய்விட்டிருக்கும். பரவாயில்லை. எந்த நாள் வந்து சேர்ந்தாலும், அன்றைக்கு ஒரு மணிக்கு என்னை நினைத்துக்கொள். அன்றைக்கும் நான் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை