செல் துண்டில் உள்ள எழுத்து

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கு நலம்.

நான் வேலைசெய்யும் நோர்வே ஆயுதக் கம்பனிக்கு இந்தோனேசிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஏவுகணையை எங்களிடம் வாங்குவதா, தங்கள் நாட்டிலேயே செய்வதா என்று பேச்சு நடந்தது. நண்பகலில் ஒஸ்லோ முழுவதும் சைரன் ஊதியது. மற்றவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, நான் மேசைக்கடியில் குப்புறக் கிடந்தேன்.

"எழும்புங்கோ அண்ணா, இது சும்மா சோதினை" என்றாள் கூட வேலைசெய்யும் ஆரபி. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"போரில் உங்கள் ஊரில் விழுந்த செல் குண்டுகள் உள்நாட்டில் செய்தவையா, வெளிநாட்டிலிருந்து வந்தவையா?" என்று ஓர் அதிகாரி மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பெரியண்ணாவின் படத்துக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அவரைக் கொன்ற அந்தச் செல் துண்டில் எந்த நாட்டு எழுத்து என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நோர்வே என்று இருந்தால் மட்டும் எனக்கு எழுதவேண்டாம்.

உங்கள் மகன்,
சுபேசன்