பேசிக் குழம்பின இடத்தில் விசாரித்தேன், அப்பா

லண்டன் ரெய்னர்ஸ் லேன் முழுவதற்கும் மாப்பிள்ளை விசாரித்துக் கொடுத்த என் அன்பு அப்பா,

ஒரு நல்ல செய்தி. உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்லமாட்டேன். நல்ல செய்தி எதையும் நீங்கள் உட்கார்ந்து கேட்டதில்லை. போனைக் காதில் வைத்தபடி ஹாலுக்கும் குசினிக்கும் நடப்பீர்கள். அப்படியே நடந்துகொண்டு கேளுங்கள். போன கிழமை, உங்கள் வாய் திறக்காத மகள் சொன்னதை நம்பி அமெரிக்காவில் ஒரு பேஸ்போல் அணி ஒரு பையனைத் தெரிவு செய்தது.

நீங்கள் கண்மூடிய பிறகுதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. கணிதம் படித்த பிள்ளை கணக்காளராக வரும் என்று உங்கள் வெம்பிளி டயர் கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். நான் மேல் அறையில் இருந்து, கல்லூரிப் பையன்கள் பந்து எறியும் வீடியோக்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அமெரிக்காவில் அணிக்காரர் தூங்கி எழும்புவதற்குள் என் குறிப்புகள் போய்விட வேண்டும். அதுதான் வேலை.

அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் கதவடியில் நின்று, "உண்மையாய்ச் சொல்லு பிள்ளை, உது வேலையோ, இல்லாட்டி வேலை போனதை எனக்கு மறைக்கிறியோ?" என்று கேட்டார்.

உங்களுக்குக் கிரிக்கெட் தெரியும், பேஸ்போல் தெரியாது. பரவாயில்லை, விளையாட்டை விடுங்கள். ஆள் எடுக்கும் முறையைச் சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். ஒவ்வொரு வருடமும் ஜூலையில், பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் விளையாடுகிறவர்களை அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாகத் தெரிவு செய்யும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஓர் அணி ஒருவனின் பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற அணிகள் அவனைத் தொட முடியாது. அவன் விரும்பினால் வரலாம், இல்லாவிட்டால் கல்லூரிக்கே திரும்பிப் போகலாம்.

முப்பது வீட்டுக்காரர் ஒரே மண்டபத்தில் வரிசையாக நின்று மாப்பிள்ளை எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த நல்லவன் முதலிலேயே போய்விடுவான். யாரும் கவனிக்காத நல்லவனைக் கண்டுபிடிப்பது ஒரு கெட்டித்தனம். அவனுக்காக எத்தனை சுற்றுப் பொறுத்திருக்கலாம், எந்த இடத்தில் பொறுக்கக் கூடாது என்று தெரிவது அதைவிடப் பெரிய கெட்டித்தனம். சிரிக்கிறீர்கள், இல்லையா?

நான் கண்டுபிடித்தவனின் பெயர் கேலப். இடதுகையால் எறிகிறவன். அவ்வளவு வேகம் கிடையாது, அதனால் எங்கள் கணினி அவனைக் கீழே தள்ளி வைத்திருந்தது. ஆனால் நான் எறிகிறவனைப் பார்ப்பதைவிட அடிக்கிறவனின் காலைத்தான் அதிகம் பார்ப்பேன். கூச்சமுள்ள நாங்கள் முகம் பார்க்க முடியாமல் கால்களைப் பார்த்துப் பழகிவிடுகிறோம்.

கேலப் மெதுவான பந்து எறியும்போது அவன் கை வேகப்பந்துக்கு அசைவது போலவே அசையும். பந்து மட்டும் பிந்தி வரும். அடிக்கிறவனின் முன்கால் அவசரப்பட்டு நிலத்தில் ஊன்றிவிடும். அதன்பிறகு அவன் மட்டை காற்றைத்தான் அடிக்கும். வேறு வேறு ஊர், வேறு வேறு அடிக்கிறவர்கள், எல்லாருடைய முன்காலும் ஒரே மாதிரி ஏமாந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு.

ஆனால் அவனைப் பற்றி ஒரு கதை இருந்தது. எங்கள் அணிக்காக கேலப் விளையாடும் பக்கத்து மைதானங்களெல்லாம் காரில் சுற்றுகிறவர் டக். ஆள் எடுக்கும் பிரிவின் தலைவி மேகன் வீடியோக் கூட்டத்தில் கேலப்பைப் பற்றிக் கேட்டபோது, டக் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவன் முதலில் படித்த கல்லூரியில், எறி என்றபோது எறியமாட்டேன் என்று நின்றவனாம். பிடிவாதக்காரனாம். அது எல்லோருக்கும் தெரியுமாம். அத்தோடு அவன் பெயரைக் கடைசிச் சுற்றுகளுக்கு நகர்த்தினார்கள். யாரும் எடுக்காமல் கிடந்தால் பார்ப்போம் என்றார்கள். நான் கேமராவை மூடி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லோருக்கும் தெரியும்" என்றதும் எனக்கு நம் காரின் பின்சீட் ஞாபகம் வந்தது. அம்மா தமிழ்க்கடைக்குள் மீன் வாங்கப் போயிருப்பார். நீங்கள் முன்சீட்டில் இருந்து யாரோ ஒரு பெண்ணின் தமையனுக்கு ஸ்பீக்கர் போனில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்: "எல்லாரும் சொல்லுகினம் எண்டால், தம்பி, ஒராள் சொல்லியிருக்கிறார், மிச்சப்பேர் கேட்டிருக்கினம். சிநேகிதனைக் கேட்டால் புகழுவான். முந்திச் சம்பந்தம் பேசிக் குழம்பின இடம் இருக்கெல்லோ, அங்கை கேளும். அவைக்கு இனி உந்தப் பெடியனாலை ஒரு லாபமும் இல்லை."

கேலப்புக்குப் பேசிக் குழம்பின இடம் அந்த முதல் கல்லூரிதான். அங்கே இருந்த பயிற்சியாளருக்கு நான் போன் எடுத்தேன். பீட்சாவுக்குக்கூடப் போன் எடுக்கப் பயப்படுகிற நான்.

முதல் தடவை கெடுத்துவிட்டேன். நீங்கள் எப்படித் தொடங்குவீர்களோ அப்படியே தொடங்கினேன். சுகமா என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டேன். உங்கள் பக்கம் வெயில் கூடவா என்று கேட்டேன். விஷயத்துக்கு வருவதற்குள், தனக்கு இன்ஷூரன்ஸ் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி மனிதர் போனை வைத்துவிட்டார். உங்களுக்கு ஒருவரும் இப்படிச் செய்ததில்லையே, அப்பா?

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை அணியின் பெயர், என் பெயர், கேலப்பின் பெயர், மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். போனை வைக்காமல் கேட்டார். பிறகு பேசத் தொடங்கினார். அவர் பேசியது ஆங்கிலம்தான். உங்களுக்காக நம் தமிழில் எழுதுகிறேன்.

"எறிய மாட்டன் எண்டது உண்மைதான், பிள்ளை. கை நோகுது எண்டவன். நான் நம்பேல்லை. அவனை இருத்திப்போட்டு இன்னொரு பெடியனை எறிய விட்டன். அவனுக்கும் நோதான், ஆனால் வாய் திறக்கேல்லை. அந்தப் பெடியன் இப்ப விளையாடுறேல்லை. இனி விளையாடவும் ஏலாது."

பிடிவாதம் என்று முதலில் சொன்னது தான்தான் என்றும் அவரே சொன்னார். கோபத்தில் ஒருவரிடம் சொன்னாராம். அதன்பிறகு யாராவது கேட்டால் திருத்திச் சொல்லலாம் என்று இருந்தாராம், யாரும் கேட்கவில்லையாம்.

"இப்பத்தான் கேக்கினம். நீர் ரெண்டாவது ஆள்," என்றார்.

முதல் ஆள் யார் என்று கேட்டேன். அதற்கு முந்தின கிழமை வேறோர் அணியிலிருந்து ஒருவர் போன் எடுத்தாராம், பெயர் சொல்ல முடியாதாம். எனக்கு நெஞ்சு அடித்த அடி கீழே அம்மாவுக்குக் கேட்டிருக்கும். இன்னொரு வீட்டுக்காரரும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால், நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்புவீர்களே, அந்த மாதிரி.

அடுத்த கூட்டத்தில் நான் கேமராவைத் திறந்தேன். என் முகத்தை அங்கே பலர் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தார்கள். பயிற்சியாளர் சொன்னதைச் சொன்னேன்.  டக், தான் அந்தக் கதையைக் கேட்டது இன்னொரு அணிக்காரரிடம் என்றும், அவர் யாரிடம் கேட்டார் என்று தனக்குத் தெரியாது என்றும் நேர்மையாகச் சொன்னார். நல்ல மனிதர், அப்பா. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

ஆனால் அவனை எப்போது எடுப்பது? கணினிக் கணக்குப் பார்க்கிற ஆட்கள், மற்ற அணிகளும் அவனைக் கீழேதான் வைத்திருக்கும், கடைசிவரை பொறுக்கலாம் என்றார்கள். முன்சுற்று ஒன்றை அவனுக்குச் செலவழித்தால், அந்த இடத்தில் கிடைக்கக்கூடிய வேகமான ஒருவனை இழந்துவிடுவோம். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொறுத்தால் இன்னொருவர் கொண்டுபோய்விடுவார் என்றேன் நான். மேகன் இரண்டையும் கேட்டுவிட்டு, அந்த நேரம் வரட்டும் என்றார்.

டிராஃப்டின் இரண்டாம் நாள் லண்டனில் பின்னேரம் தொடங்கியது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவர், திரும்பிப் போகவில்லை, கட்டிலில் இருந்துவிட்டார். ஐந்தாவது சுற்று. எங்கள் முறைக்கு முன்னால் ஒவ்வொரு அணியும் பெயர் சொல்லச் சொல்ல நான் பட்டியலில் அந்தப் பெயரை வெட்டிக்கொண்டே வந்தேன். கேலப் இருந்தான். மிக வேகமாக எறிகிற ஒரு வலதுகைக்காரனும் இருந்தான். எல்லோரும் அந்த வலதுகைக்காரன் பக்கம் சாய்ந்தார்கள்.

மேகன் திரையைப் பார்த்து, "தாரணி, நீ இன்னும் அதையேதான் சொல்கிறாயா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. யாரும் விளக்கம் கேட்கவில்லை. என் தலையாட்டலே போதுமாக இருந்தது.

கேலப்பின் பெயரை அறிவித்த கொஞ்ச நேரத்தில் டக்குக்கு வேறோர் அணிக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதில் ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான் இருந்தது. டக் அதை எங்கள் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். நான் கதிரையைவிட்டு எழும்பிக் குதித்தேன். எதற்கென்று விளங்காமலே அம்மாவும் கைதட்டினார். "கலியாணம் சரி வந்திட்டுது போலை," என்றார்.

இன்னும் சரிவரவில்லை, அப்பா. பையன் சம்மதிக்க வேண்டுமே. இரண்டு நாள் கழித்து மேகன் என்னையும் அவனோடு பேசச் சேர்த்துக்கொண்டார். அவன் தாயும் பக்கத்தில் இருந்தார். எல்லா அணியும் தங்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்லும், நாங்கள் யாரை நம்பிப் போவது என்று அந்த அம்மா கேட்டார். 

நான் சொல்லிவிட்டேன்: நாங்கள் வேண்டாமென்று அனுப்பிய ஒருவரைக் கேளுங்கள். போன வருடம் விடுவித்த எறிகிறவன் ஒருவன் இருக்கிறான், அவன் சம்மதித்தால் போன் இலக்கம் தருகிறோம் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவன் எங்களைத் திட்டினால்? கேலப் கல்லூரிக்கே போய்விட்டால்? மேகன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஆம், அவனையே கேளுங்கள் என்றார்.

இன்று மத்தியானம் கேலப் எனக்குப் போன் எடுத்தான். சாப்பாடு மோசம், பஸ் பயணம் முதுகை முறிக்கும், ஆட்களை அனுப்பும்போது இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள் என்று நாங்கள் விடுவித்த அந்த ஆள் ஒன்றும் விடாமல் அவனுக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் கை நோகிறது என்று சொன்ன அன்று ஒருவரும் தன்னை எறியச் சொல்லவில்லை என்றும் சொல்லியிருக்கிறான். கேலப் கையெழுத்து வைக்கிறான், அப்பா. வருகிறான்.

அவன் நன்றாக வருவானா என்று தெரிய நாலைந்து வருடம் ஆகும். இப்போதைக்கு எனக்கு அந்த இரண்டு நிமிடம்தான் மனதில் நிற்கிறது. இனி நாங்கள் வேண்டாமென்று அனுப்பும் ஒவ்வொரு பிள்ளையையும் நானே போனில் கூப்பிட்டு, அவன் போதும் என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. மேகனிடம் இன்னும் கேட்கவில்லை. நாளைக்குக் கேமராவைத் திறந்து கேட்பேன்.

போன் எடுக்கப் பழகிவிட்ட
உங்கள் இளைய மகள்,
தாரணி